மாமாவுக்காக மறுபடியும் ஒரு முகூர்த்தம்

விமானம் ரத்தானதால் தாய்மாமன் வேலாயுதம் பூங்கோதையின் கல்யாணத்துக்கு வர முடியாமல் போயிற்று. பயணி எதைத் தவறவிட்டாரோ, அதை விமான நிறுவனம் தன் செலவில் ஆறு மாதத்துக்குள் அப்படியே மறுபடி நடத்திக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதனால் மதுரையில் அதே மண்டபம், அதே நாதஸ்வரம், அதே சமையல்.

இதில் ஒரே சிக்கல், பூங்கோதை தன் கணவன் இளம்பரிதியோடு பேச்சை நிறுத்திவிட்டு அம்மா வீட்டுக்கு வந்து இருபது நாளாகியிருந்தது. மாமாவுக்கு அது தெரியாது.

"மாமாவுக்காக ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்துரு," என்றாள் அம்மா.

மணவறையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிறுவனத்து அதிகாரி பழைய வீடியோவோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மஞ்சள் கயிற்றை இளம்பரிதி கையில் எடுத்ததும் குறுக்கிட்டார்.

"மேடம், இந்த இடத்துல நீங்க சார் காதுல ஏதோ சொன்னீங்க. அதையும் சொல்லிருங்க."

பூங்கோதைக்கு அது மறக்கவில்லை. முன்வரிசையில் மாமா ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெல்லக் குனிந்தாள்.

"கோவம் வந்தா திட்டிருங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்தது.

"வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் நல்லாத் திட்டிக்குவோம்," என்றான் இளம்பரிதி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதிகாரி வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், போன தடவை நீங்க பதிலே சொல்லலையே."

"இது எங்க செலவு," என்று சொல்லி அவன் முதல் முடிச்சைப் போட்டான்.