ரெ-17

மலேரியா ஒட்டுண்ணிகளை வளர்க்கும் அந்த ஆய்வகத்தில், ஒவ்வொரு வகைக்கும் அது எடுக்கப்பட்ட நோயாளியின் முதலெழுத்தோடு ஒரு எண்ணைச் சேர்த்துப் பெயராக இடுவது வழக்கம். சிறுமி ரெஜினா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியும், அவளுடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ரெ-17 குடுவையில் பெருகிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுடைய தந்தை சவரிமுத்து எழுதிய மூன்றாவது கடிதத்துக்குத்தான் ஆய்வாளர் சண்முகவடிவு இசைந்தாள்.

அவர் நுண்ணோக்கியின் மேல் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"இதுங்களா டாக்டரம்மா? இம்புட்டுப் பொடிசா இருக்கு."

"ஆமாங்கய்யா. நாளைக்கு இதுவும் இருக்காது." வானிலை அறிக்கை வாசிப்பவளைப் போல அவள் சொன்னாள். "ரெண்டு நாளைக்கு ஒருதரம் புது மனுச ரத்தம் ஊத்தணும். இந்த வாரம் ரத்த வங்கியில இல்லைன்னுட்டாங்க. உறைய வச்சிருந்ததும் போன மாசம் கெட்டுப்போச்சு."

"சாகட்டும். என் புள்ளய தின்னதுதானே."

அவள் தலையசைத்தாள். குடுவையை எடுத்து, உடல் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் வைக்கத் திரும்பினாள்.

"அவளோடது வேற எதாச்சும் இங்க இருக்கா?"

"இல்லங்கய்யா. இது மட்டும்தான்."

சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் நிதானமாக மடித்தார்.

"எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்புதான். ஓ பாசிட்டிவ்."

பார்வையாளரிடம் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி. அதை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே, சண்முகவடிவு அவருடைய கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.