முழங்கை ஆழம்

பனி உருகியதும், வண்டல் மண்ணைப் பிளந்துகொண்டு பித்தளைச் செம்பின் வாய் மறுபடியும் வெளியே தெரிந்தது. வட நோர்வேயில் வீடு கட்டியபோது, குகராசாவின் மனைவி சிவகௌரி நவதானியம் போட்டு அத்திவாரத்தோரம் புதைத்த செம்பு அது.

"ஆழமா வையும். குளிருக்கு உறைஞ்சால் இந்த மண் எல்லாத்தையும் மேல தள்ளிப்போடும்," என்று மண் பொறியாளரான குகராசா அன்றே சொன்னார்.

"என்ர கை எட்டுற ஆழம் காணும், அது போதும்," என்று அவள் முழங்கைவரை கையைக் குழிக்குள் விட்டுச் செம்பை வைத்தாள்.

அவள் இல்லாத முதல் வசந்தம் இது.

"அப்பா, இந்த முறையாவது ஆழமாத் தாட்டுவிடுங்கோவன்," என்றாள் மகள்.

குகராசா செம்பைத் துடைத்து வைத்துவிட்டுத் தோண்டினார். நடுவில் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை மறைந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்.