நடுப்படி

"ஏம்மா, மாடிப்படியில ஏதோ டக்கு டக்குன்னு சத்தம் கேக்குதே, என்னன்னு பாக்க மாட்டியா?"

பேண்டின் கால் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரி தலை நிமிரவில்லை. "என் பொண்ணுதான்க்கா, இறங்கி வர்றா. காலுக்குக் காலிப்பர்னு இரும்புப் பட்டை, கையில ஊன்றுகோல். அந்தச் சத்தம்தான்."

"தனியாவா?" பதறினாள் பெஞ்சில் இருந்தவள். கடைக்குப் புதிது. பேண்டைக் கொடுத்துவிட்டு, கையோடு வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

"தனியாத்தான். ஸ்கூல்ல ரெண்டு நாள் டூர். நான் இல்லாம இவளாவது போறதாவதுன்னு முடியாதுன்னுட்டேன். ஒரே அழுகை. யார் கையையும் பிடிக்காம மாடியிலருந்து கடை வரைக்கும் நீயா வந்து காட்டு, அனுப்புறேன்னு வாயை விட்டுட்டேன். இப்ப நான் எழுந்து போனா டூர் போச்சு."

டக். டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் தையல் கோணிக்கொண்டு போனது.

"பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாங்க. இங்க பெத்தவ மனசுதான் கல்லா இருக்கு! ஒரு கை குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. இந்த வயதிலும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைகிறவள் அவள். ராத்திரியில் முதுகு வலிக்குத் தைலம் தேய்ப்பது புருஷனுக்கு ஒரு உத்தியோகமாகவே ஆகிவிட்டது.

"கல்லுன்னே வச்சுக்குங்கக்கா."

சட்டென்று படியில் சத்தம் நின்றது. மெஷினும் நின்றது.

"ஐயையோ, விழுந்துட்டாளோ என்னவோ! ஓடும்மா!"

தையல்காரி பாதி எழுந்துவிட்டாள். 'கண்ணு' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். மறுபடி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

டக்.

டக். டக். சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வாசலுக்கு வந்தது.

"அம்மா! வந்துட்டேன்!"

வியர்த்து விறுவிறுத்து, வாயெல்லாம் பல்லாக வாசலில் நின்றாள் மகள். தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"நடுவுல ஏண்டி சத்தத்தையே காணோம்? குலையே நடுங்கிப்போச்சு!"

"நீ போட்ட கண்டிஷனை நேத்தே சொன்னேன், நடுப்படியில கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொன்னாங்கம்மா. ஸ்கூல்லதான் நான் தினமும் மாடி ஏறி இறங்கறேனே! உன்கிட்ட சொன்னா நீ நிறுத்திடுவேன்னுதான் சொல்லலை."

"உட்காரச் சொன்னாங்களா? யாரு?"

பெஞ்சில் இருந்தவள் அசடு வழிய எழுந்து கைகூப்பினாள். "நான்தாங்க, இவளோட புது டீச்சர். கல்லுன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. டூருக்கு உங்க பொண்ணு எப்பவோ தயார். நீங்க தயாரான்னு பாக்கத்தான் வந்தேன்."