கழனித்தண்ணி

குப்பைமேட்டில் செருகியிருந்த குச்சியை உருவினாள். நுனி ஈரமாக இருந்தது.

சித்திரை வெயில். குப்பைமேட்டின் அடியிலிருந்து கறுப்பாக ஒரு கசிவு, வறண்ட ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வரக்கூடாது. கணக்குப்படி ஒரு சொட்டுகூட வரக்கூடாது.

பெய்கிற மழையில் வெயில் குடிப்பதைக் கழித்தால் மிச்சம் பூஜ்யம். அவள் போட்ட கணக்குதான். பூஜ்யம் என்றால் பக்கத்தில் தோண்டப்போகும் புதுக் குப்பைக் குழிக்கு அடியில், கசிவு மண்ணில் இறங்காமல் தடுக்கும் விரிப்பு வேண்டாம். நகராட்சிக்குச் செலவு மிச்சம்.

ஓடை முடிகிற இடத்தில் ஒரு கிணறு. குடங்களோடு பெண்கள் நின்றிருந்தார்கள். இது அங்கே போய்ச் சேர்ந்தால் அவ்வளவுதான்.

மழையே இல்லாத ஊரில் எங்கிருந்து வந்தாய்?

குனிந்தாள். குப்பென்று வாடை அடித்தது. மூக்கைப் பொத்தப் போனவள் பொத்தவில்லை.

புளித்த வாடை. தெரிந்த வாடை.

சின்ன வயதில் வீட்டுப் பின்வாசல் மூலையில் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, வாழைக்காய்த் தோல், மிஞ்சிய ரசம் எல்லாம் அதற்குள் போகும். குழாயில் காற்று மட்டும் வந்த கோடையிலும் அந்தப் பானை நிரம்பிவிடும்.

சாயங்காலம் பால்காரர் உச்சிமாகாளி தன் மாடுகளுக்கு எடுத்துப்போகத் தகர வாளியோடு வருவார்.

"யக்கா, கழனித்தண்ணி!"

வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஊற்றும்போது பாவாடையெல்லாம் தெறிக்கும். அம்மா திட்டுவாள்.

அந்தத் திட்டு இப்போது வேண்டும்போல் இருந்தது.

அம்மா போய்விட்டாள். மாடுகளும் போய்விட்டன. பானை என்ன ஆனதென்று நினைவில்லை.

தண்ணீர் மட்டும் எங்கும் போய்விடவில்லை. வீடு வீடாகப் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அறிக்கையில் பூஜ்யத்தை அடித்தாள். விரிப்பு கட்டாயம் வேண்டும் என்று எழுதினாள்.

கூட வந்திருந்த நகராட்சி உதவிப் பொறியாளர் ஜெபராஜ் எட்டிப் பார்த்தார்.

"மழையே இல்லையே மேடம். என்ன தண்ணின்னு காட்டுறது?"

"கழனித்தண்ணின்னு காட்டுங்க சார்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கசிவின் அருகே போய்க் குனிந்து முகர்ந்தார்.

"எங்க வீட்டுல இதுக்குக் கல்தொட்டி மேடம்," என்றார்.