வண்டித் தண்ணீர்

பனிக்காலம் வந்தால் சுரையாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிடும். வெந்நீர் ஒன்றுதான் மருந்து. விறகுக்கு வழியில்லை.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் காரை ஓட்டும் அவள் கணவன் ஹபீப், மாலையில் ஒரு வாளி வெந்நீரை இறக்கிவைத்துத் தொப்பென்று உட்கார்ந்தான்.

"எனக்காக எங்கிருந்தாவது சுமந்துட்டு வந்தீங்கன்னா தொடமாட்டேனுங்க," என்றாள் வழக்கம்போல.

"வண்டித் தண்ணிதான். உறைஞ்சா ரேடியேட்டர் வெடிச்சுடும்னு பொழுதோட திறந்து விடறேனே, அது. துருவைப் பாரு."

தண்ணீர் சிவந்துதான் இருந்தது. காலை உள்ளே விட்டாள்.

மறுநாள் பங்களாவில் சமைக்கும் மருதாம்பாள் வந்தாள்.

"உங்க ஊட்டுக்காரருக்கு ஒரு வேலை மிச்சமுங்க. வண்டித் தண்ணி உறையாம இருக்க மருந்து ஊத்தி, ரேடியேட்டரைத் திறந்து விடறதை நிறுத்திப் பதினஞ்சு நாளாச்சு. ஆனா மனுசன் தினமும் வாளியோட ஃபேக்டரிப் பள்ளத்துல இறங்கி, பாய்லர் வெந்நீரைப் புடிச்சுட்டு மேடேறறாரு. எதுக்குங்க?"

அன்று மாலையும் ஹபீப் மூச்சு வாங்க வாளியை வைத்தான். "வண்டித் தண்ணி."

சுரையா காலை விட்டாள். வாளியின் அடியில் செம்மண் நறநறத்தது.

"வீக்கம் வத்திடுச்சுங்க. நாளைக்கு வேண்டாம்," என்றபடி, வீங்கிய காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.