அடுப்படிச் செடி

“செடிய எங்கம்மா வச்சிருக்க?”

வாசலில் நின்றபடியே கேட்டார் எஸ்.ஐ. முத்துக்குமரன். வண்டியூரின் அந்தச் சந்தில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் ஜீப் நுழையவில்லை. முனையில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பெண் காவலர் ஆர்த்திகா.

கதவைத் திறந்த ராமக்காளுக்கு ஐம்பது வயதிருக்கும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “எந்தச் செடி சார்?” என்றாள்.

“வீட்டுக்குள்ள கஞ்சா வளக்குறதா ஸ்டேஷனுக்குப் போன் வந்திருக்கு.”

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, ‘எவன் சொன்னான்?’ என்பதுதான். அழுவார்கள், சத்தியம் செய்வார்கள், பக்கத்து வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். ராமக்காளோ கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“வந்து நல்லாப் பாருங்க. ஒரு மூலைய விடாதீங்க.”

முத்துக்குமரனுக்குச் சந்தேகம் கூடியது. இப்படித் தெனாவட்டாக நின்ற பலர் வீட்டில்தான் அவர் பொட்டலம் எடுத்திருக்கிறார்.

உள்ளே இருட்டாக இருந்தது. ஆர்த்திகா சுவிட்சைத் தட்டினாள், எரியவில்லை. செல்போன் வெளிச்சத்தில் தொட்டிலும், அதில் வேர்த்துக் கிடந்த பச்சைக் குழந்தையும் தெரிந்தன. பக்கத்தில் ஓர் இளம்பெண் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“எம் மக சார். பிரசவத்துக்கு வந்திருக்கா. ஏத்தா, எந்திரி. பாயயும் உதறிப் பாக்கட்டும்.”

“சார், இங்க வாங்க!” என்று அடுப்படியிலிருந்து ஆர்த்திகா கூப்பிட்டாள்.

ஜன்னல் திட்டில் வெட்டிய தண்ணீர் பாட்டில்கள், எண்ணெய் டப்பாக்கள், ஓர் ஓட்டை வாளி. எல்லாவற்றிலும் தளதளவென்று பச்சை. முத்துக்குமரன் ஒன்றைக் கிள்ளி மூக்கருகே கொண்டு போனார். காலையில் தின்ற ஆம்லெட் நினைவுக்கு வந்தது.

“இது வெங்காயத்தாளு...”

“ஆமா சார். முளைவிட்ட சின்ன வெங்காயத்த வேர் கீழ இருக்காப்புல மண்ணுல பதிச்சா தாளு வந்துரும். நறுக்க நறுக்கத் திரும்பவும் வரும். முட்டையில போட்டு மகளுக்குக் குடுக்குறேன்.”

ஆர்த்திகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “இத ஏங்க்கா இருட்டுக்குள்ள வச்சிருக்கீங்க? வெளிய வச்சா இன்னும் நல்லா வருமே?”

“படிக்கட்டுலதான் வச்சிருந்தேன். தண்ணி சொட்டிக் காரு அழுக்காகுதுன்னு வீட்டு ஓனரு எத்தி ஒடச்சாரு. செதறுன வெங்காயத்தப் பொறுக்கி மறுபடியும் வச்சேன், மறுபடியும் ஒடச்சாரு. ‘செடிய எடு, இல்ல வீட்டக் காலி பண்ணு’ன்னாரு. ரெண்டும் முடியாதுன்னேன். பியூசப் புடுங்கிட்டாரு, தண்ணியையும் அடச்சுட்டாரு.”

“எப்ப இருந்து?”

“பிள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து தூக்கியாந்த அன்னைல இருந்து.”

“தண்ணி இல்லாம செடி எப்படி நிக்குது?”

“தெருக்குழாயில ஒரு கொடம் புடிச்சா, அரிசி கழுவுன தண்ணி இதுக்கு. அம்புட்டு லேசுல காய விட்ருவனா?”

“ஸ்டேஷனுக்கு வந்து சொல்ல வேண்டியதுதானம்மா?”

“வந்தேனே சார். உங்ககிட்டதான் சொன்னேன். வீட்டுக்காரரோட பேசி முடிச்சுக்கன்னு அனுப்பிவிட்டீங்க.”

முத்துக்குமரன் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பார்த்ததும் பார்வையைத் தொட்டில் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரர் அழகுபாண்டி மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கஞ்சாவா சார்? நெனச்சேன். இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுங்க.”

“போன் பண்ணது நீதானா?”

“அய்யய்யோ! அழகர் சத்தியமா நான் இல்ல சார்!”

“அத நான் பாத்துக்கிறேன். மொதல்ல பியூச மாட்டு, தண்ணியத் தெற. பச்சப்பிள்ள புழுங்கிக் கெடக்கு, கார் கேக்குதா உனக்கு? இன்னொரு தடவ இவங்க கரண்டுலயோ செடியிலயோ கை வச்சே, ஜீப்புலதான் ஏறணும்.”

அழகுபாண்டியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சற்று நேரத்தில் தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டு சுழன்றது. மகள் அட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்படிக் குழாய் இருமி இருமித் தண்ணீரைக் கொட்டியது.

ராமக்காள் ஓட்டை வாளியைத் தூக்கினாள். வாசலில் நின்ற அழகுபாண்டியை உரசாத குறையாகத் தாண்டிப் போய், படிக்கட்டின் முதல் படியில், கார் பார்க்கும்படியாக, நங்கென்று வைத்தாள். திரும்பி வந்து எண்ணெய் டப்பாக்களை எடுத்துப்போய் அடுத்த படியில் வைத்தாள்.

முத்துக்குமரனுக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளருகே போனார்.

“அம்மா, நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க. கைக்குழந்தை இருக்க வீட்டு மேல கஞ்சாப் பழி போட்டுப் போன் பண்ணவன நான் சும்மா விடப்போறதில்ல.”

ராமக்காள் வெங்காயத்தாளில் படிந்திருந்த தூசியை விரலால் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“வெங்காயம்னு சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா சார்?”