அழுகாச்சி வகுப்பு

“அடுத்த வாரத்திலிருந்து நீங்க வர வேண்டாம்மா.”

இரண்டு பஸ் மாறி வந்த பயிற்சியாளர் தோள் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. அதற்குள் தலைமையாசிரியர் வெடித்துவிட்டார்.

“ஏன் சார்? என்ன ஆச்சு?”

“பிள்ளைங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சு. என்னையே கேலி பண்றாங்க!”

பத்தாம் வகுப்புக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம். மனசு சோர்ந்தால் எப்படித் தாங்குவது, யாரிடம் சொல்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வகுப்பு. மேலிடத்து உத்தரவாச்சே என்றுதான் தலைமையாசிரியர் விட்டுவைத்திருந்தார். அவர் அதற்கு வைத்த பெயர் ‘அழுகாச்சி வகுப்பு’.

“திங்கக்கிழமை அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு வந்து நிக்குது. போன வருஷம் மூணு மாசம் பள்ளிக்கூடமே வராம வீட்டுல சுருண்டு கிடந்துச்சே, அதுதான். ‘சார், ராத்திரி தூங்கினீங்களா’ன்னு கேக்குது! வெளியே நிக்க வச்சுட்டேன்.”

“சரி சார்...”

“செவ்வாக்கிழமை ஒரு நெட்டையன். ‘மத்தியானம் சாப்பிட்டீங்களா சார்?’ நேத்து நாலு பேரு சேந்துக்கிட்டு, ‘வாங்க சார், பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிக்கிட்டே போகலாம்’. நான் என்ன இவங்க கூட்டாளியா? இருபது வருஷமா என் நிழலைக் கண்டாலே ஒதுங்கி நின்ன பள்ளிக்கூடம்மா இது!”

பயிற்சியாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“சார்... அது நான் குடுத்த வீட்டுப்பாடம்.”

“என்னை நையாண்டி பண்றதா?”

“ஐயோ, இல்ல சார். மனசு ஒடிஞ்சவங்க தூக்கத்தைத் தொலைப்பாங்க, சாப்பாட்டை ஒதுக்குவாங்க, தனியாவே இருப்பாங்க. அப்படி யாரையாவது பார்த்தா கண்டும் காணாம போயிடாதீங்க, ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு சொன்னேன். யாருகிட்ட பேசினீங்க, ஏன்னு நோட்டுல எழுதச் சொன்னேன்.”

“கொண்டுவரச் சொல்லுங்க அந்த நோட்டுகளை. இதை ஆரம்பிச்சு வச்சது யாருன்னு இப்பவே பார்த்துடறேன்.”

பியூன் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். முப்பத்தோரு நோட்டு. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு தலைமையாசிரியர் முதல் நோட்டைப் பிரித்தார்.

‘தலைமையாசிரியர் சார். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறார்.’

அடுத்தது. ‘தலைமையாசிரியர் சார். அவங்க வீட்டம்மா இறந்த பிறகு யார்கூடவும் சிரிக்கிறதில்ல.’

மூன்றாவதிலும் அவரேதான். ‘பள்ளிக்கூடம் விட்டாலும் வீட்டுக்குப் போக மாட்டார். பூட்டின வகுப்புக் கதவையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார்.’

பேனாவை மூடினார்.

“மணியடிக்கப் போகுது. நீங்க... வகுப்புக்குப் போங்கம்மா.”

“அடுத்த வாரம் சார்?”

“அதான் போங்கன்னு சொல்லிட்டேனே! அடுத்த வாரமும் போங்க.”

பயிற்சியாளர் வெளியே போனதும் தலைமையாசிரியர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். நோட்டுக் குவியலைக் கிளறி, அந்தக் கண்ணாடிப் பெண்ணின் நோட்டைத் தேடி எடுத்தார். குட்டி குட்டி எழுத்து.

‘முதல்ல நான்தான் போனேன். சார் எரிஞ்சு விழுந்தார், வெளியே நிக்க வச்சுட்டார். பரவாயில்ல. எனக்கு மனசு சரியில்லாதப்போ எங்கம்மா மேல நான் இதைவிட மோசமா எரிஞ்சு விழுந்திருக்கேன். அம்மா விடாம வந்து பேசினாங்க. அதனால நாளையிலிருந்து சார்கிட்ட தினம் யாரையாவது அனுப்பறேன்.’